மாடன் பீடத்து வழியே ஒரு ரயில் சைடிங்

தென்காசி,
26-7-58

சிரஞ்சீவி மைத்துனன் சுடலையாண்டிக்கு, அத்தான் சிவனணைந்தபெருமாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்காள் ஆவுடைத்தாயும் சுகம். மெட்ராஸில் உன் சுகத்தையும், உன்னைக் குடிவைத்திருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் சுகத்தையும் எழுதவும்.

மில்லுக்குக் கிளைத் தண்டவாளம் போடும் அந்தச் சைடிங் தொல்லை ஒழிந்தது. சர்க்கார் பாதிச் செலவு கொடுக்கிறது, நம் அரிசி மில் வாசலுக்கே கூட்ஸ் வண்டி வரும், மாட்டுவண்டியில் போய்ச் சாரலில் மூட்டை நனையாது என்று என்னை மனுப் போட வைத்தவன் நீதான். நானும் ஆசைப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். தண்டவாளம் வரும் வழியில் நம் சுடலைமாடன் பீடம் நிற்பது எனக்கு நினைவில்லை. உன் அக்காளுக்கு நினைவிருந்தது. "மாடன் தலைக்கு மேல ரயில் ஓடுச்சுன்னா, நான் பீடத்துல இருந்து பிடிமண் எடுத்துக்கிட்டுப் போயி எங்கன இடம் கிடைக்குதோ அங்கன சாமிய வச்சுக்கிடுதேன். நீங்க ரயிலோட குடும்பம் நடத்துங்க" என்றாள். அவள் சொன்னால் செய்துவிடுவாள், உனக்கே தெரியும்.

மனுவைத் திரும்பக் கேட்டால் அதற்கு ஒரு மனுப் போடச் சொன்னார்கள். அதற்குள் இடம் பார்க்க ஆபீசர் வந்து இறங்கிவிட்டார். நல்ல சாரல். பார்த்தால்தானே எழுதுவார் என்று அவரை நேரே குற்றாலத்துக்குக் கூட்டிப்போய் எண்ணெய் தேய்க்க உட்கார வைத்தேன். தேய்க்கிற பேச்சிமுத்துவிடம், "ஏலே, நிதானமாத் தேயி. சாருக்குச் சாயங்கால ரயில் வரைக்கும் வேற சோலி இல்ல" என்று மட்டும் சொல்லிவைத்தேன். அருவிக்குள் போன மனிதர் வெளியே வர மாட்டேன் என்கிறார். பிறகு நாட்டுக்கோழிக் குழம்பு, பிறகு தூக்கம். எழுப்பி ரயிலில் ஏற்றும்போது, "இடத்தைப் பார்க்கலியே" என்று கண்ணைக் கசக்கினார். "அதுக்கென்ன சார், அடுத்த சீசனுக்குப் பாத்துக்கிடலாம்" என்றேன். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பார்க்காத இடத்துக்கு எந்தச் சர்க்கார் பணம் கொடுக்கும்? உன் அக்காள் அன்றைக்கே மாடனுக்குப் பொங்கல் வைத்தாள். எனக்கும் வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் சூடாகக் காப்பி கிடைத்தது. மூட்டை நனைந்தால் நனையட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாடன் எப்போதும் உன் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றுவார்.

இப்படிக்கு,
அத்தான்
சிவனணைந்தபெருமாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் ஆர்டர் வந்துவிட்டது. "இடம் நேரில் பார்வையிடப்பட்டது. தண்ணீர் வசதி மிகவும் திருப்தி" என்று ஆபீசர் எழுதி, கேட்ட பணம் முழுதும் அனுமதியாகியிருக்கிறது. உன் அக்காள் பிடிமண்ணை மடியில் கட்டிக்கொண்டு மெட்ராஸுக்குக் கிளம்பி நிற்கிறாள். தபாலைவிட அவள் முந்திவிடுவாள் என்பதால் இதையும் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். இனி மாடனுக்கு உன் வீட்டுக் கொல்லைதான். வீட்டுச் சொந்தக்காரர் சுத்த சைவம் என்று எழுதியிருந்தாய். வருஷா வருஷம் கொடை விழாவுக்குக் கிடா வெட்ட வேண்டும் என்பதை அவரிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.