சாக்லேட் தின்றது உங்கள் மகள் அல்ல

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மருமகன் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். மூன்றாமவர் உள்ளேயிருந்து உதைக்கிற உதையைப் பார்த்தால் அவர் நலத்தில் சந்தேகமே இல்லை. நீங்களும் நலமாக இருப்பதால்தான் அவ்வளவு கோபமாக ஒரு கடிதம் எழுத முடிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"மாசமா இருக்கிற பொண்ணு பெட்டி பெட்டியா சாக்லேட் தின்னா புள்ளைக்கு ஆகுமா? ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு உங்கள் மகள் ஒரு பாட்டம் அழுதாள். மாமா, தின்றது அவளல்ல, நான்.

முதலில் ஆசைப்பட்டவள் அவள்தான். டாக்டரம்மாவிடம் கேட்டோம். "அளவா சாப்பிட்டா பயமில்ல. காபியில இருக்கிற சங்கதி இதுலயும் கொஞ்சம் இருக்கு, சர்க்கரையும் ஜாஸ்தி. காபியைக் குறைச்சுக்கிட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் சின்னதா ஒரு துண்டு போதும்" என்றார். அளவு என்ற சொல்லைக் கேட்டதும் தையற்காரனான எனக்குத் தலைகால் புரியவில்லை. அளவுதானே என் பிழைப்பு! வீட்டில் வைத்தால் அவள் கை நீளும் என்று பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பட்டன் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து, தினமும் ஒரு துண்டை இஞ்ச் டேப்பால் அளந்து வெட்டினேன். வெட்டும்போது ஓரம் கோணலாகிவிடும், கோணலை நேராக்க இன்னும் கொஞ்சம் வெட்டுவேன், அது மறுபக்கம் கோணும், விழுந்த பிசிறை வீணாக்குவானேன் என்று வாயில் போட்டுக்கொள்வேன். பிசிறாகவே பெட்டிகள் காலியாயின.

ஒருநாள் பிசிறு தின்ற கையோடு ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைப் பேன்ட்டுக்கு இஸ்திரி போட்டேன். முட்டியில் ஐந்து விரலும் பழுப்பாகப் பதிந்துவிட்டன. "என்னங்க இது?" என்று அவர் பதறினார். "வீட்டுல மாசமா இருக்காங்க சார், சாக்லேட்டுன்னா உசுரு. பெட்டி பெட்டியா தின்னுட்டு எதைத் தொட்டாலும் இப்படித்தான்" என்று வாய் கூசாமல் பழியை அவள் தலையில் போட்டேன். அந்த மனிதர் உங்கள் எதிர்வீட்டுக்காரரின் தம்பி என்று நான் கண்டேனா!

உங்கள் கடிதம் வந்த மறுநாள் பரிசோதனைக்குப் போனோம். அவளுக்கு எடை, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. டாக்டரம்மா என் தொப்பையைப் பார்த்து, "சாரும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கட்டுமே" என்றார். முடிவு வந்ததும், பத்தியம் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார். அவள் உடுப்புகளைப் பிரித்துத் தளர்த்தும்போதெல்லாம் என் பேன்ட் இடுப்பையும் தளர்த்திக்கொண்டு வந்தவன் நான். அப்பாவாகப் போகிறவனுக்கும் அப்படித்தான் போலும் என்று நினைத்திருந்தேன். அவள் திட்டவில்லை. "எங்கப்பாவுக்கு நீங்களே எழுதுங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

வெட்கமாக இருக்கிறது, மாமா. அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது. இனி பெட்டி அவள் பொறுப்பு. நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். அத்தைக்கு என் வணக்கங்கள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு உங்கள் ஆசி வேண்டும், அதன் அப்பனுக்குக் கொஞ்சம் புத்தி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்

பி.கு.: கூட்டிப்போக வேண்டாமே தவிர, ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். வரும்போது முந்திரி போட்ட சாக்லேட் ஒரு பெட்டி வாங்கிவந்து, வீட்டுக்குப் போகுமுன் கடையில் என்னிடம் கொடுத்துவிடுங்கள். வழியில் யாராவது கேட்டால், மாசமாக இருக்கிற மகளுக்கு என்று சொல்லிவிடுங்கள்.