செருப்பு செய்த பாவம்

விடிந்ததுமே தெருவில் இடமில்லை. சிவப்புச் சாமியாரிடம் ரத்தத்தைச் சலவை செய்துகொள்ளத்தான் அத்தனை கூட்டம். கத்தி இல்லை, ஊசி இல்லை. வாசல் தொட்டியில் கையை நனைத்து, துடைக்காமல் உள்ளே போய், சாமியார் நீட்டும் தண்ணீர்க் குவளைக்குள் விரலை விட வேண்டும். தெளிந்த தண்ணீர் சட்டென்று சிவக்கும்.

"பாத்தியா, உன் ரத்தத்துல எவ்ளோ பாவம்!"

பிறகு எலுமிச்சம்பழத்தை மந்திரித்துப் பிழிவார். சிவப்பு மாயம்! அந்தத் தண்ணீரைக் குடித்தால் மறுநாள் நோய் கழிந்துவிடுமாம். கழிந்தது உண்மைதான். தெருவில் எந்த வீட்டுக் கழிப்பறையும் காலியாக இல்லை.

குட்டியின் சித்திக்கும் கழிந்தது. குட்டி, சித்தி வளர்த்த பெண். மருந்தாளுநர் படிப்பில் மூன்றாம் வருஷம். ஆனாலும் சித்திக்கு இன்னும் குட்டிதான்.

"சித்தி, சர்க்கரை மாத்திரை எங்க?"

"குப்பையில. சாமிதான் ரத்தத்தை வெளுத்துட்டாரே! பாரு, எப்படி இளைச்சுட்டேன்!"

"இளைக்கல சித்தி, கரையுறீங்க. நாக்கு எப்படி வறண்டு கெடக்கு பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பொறாமைடி உனக்கு."

சித்தி மயங்கி விழுந்தால் சாமியாரா தூக்குவார்?

குட்டியின் கல்லூரியில் ஒரு வினோதம். பாடம் நடத்த மாட்டார்கள். ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள் என்பார்கள். உடனிருக்கும் ஆசிரியை எதற்கும் பதில் சொல்ல மாட்டார். கேட்பது ஒரே கேள்வி. அதனால் அவருக்குப் பெயரே 'எப்படித்தெரியும் மேடம்'.

"இந்த வாரம் எங்க சித்திதான் கேஸ், மேடம்," என்று குட்டி எல்லாவற்றையும் கொட்டினாள்.

தடிக் கண்ணாடியால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கிய வகுப்புத் தோழன் துள்ளி எழுந்தான். "அட, குவளையில இருக்கறது நம்ம லேப் சாயம்! பினாப்தலீன்! காரம் பட்டா சிவக்கும், புளிப்பு பட்டா வெளுக்கும். ஒரு காலத்துல பேதி மாத்திரையா வித்த சரக்குடி அது!"

"எப்படித் தெரியும்?" என்றார் மேடம்.

"தொட்டியில சலவை சோடா கலந்திருப்பான் மேடம்."

"எப்படித் தெரியும்?"

சோடாபுட்டி உட்கார்ந்தான். குட்டி எழுந்தாள். "தொட்டியில நனைக்காத கை ஒண்ணு வேணும். ரத்தமே இல்லாத பொருளைத் தொட்டியில முக்கியும் பாக்கணும்."

மேடம் அன்றைக்கு முதல்முறையாகக் கேள்வி கேட்கவில்லை. சிரித்தார்.

மறுநாள் சித்தியோடு குட்டியும் சோடாபுட்டியும் சாமியாரிடம் போனார்கள். சோடாபுட்டி தொட்டியை நைசாகத் தாண்டிப் போய்க் குவளையில் விரலை விட்டான். தண்ணீர் சிவக்கவில்லை, பளிங்காகவே இருந்தது.

"இவன்... புண்ணியவான்," என்றார் சாமியார், நெற்றியைத் துடைத்தபடி.

"பரீட்சையில காப்பியடிச்சவன் சாமி இவன்!" என்ற குட்டி, வாசலில் கிடந்த செருப்பு ஒன்றை எடுத்துத் தொட்டியில் முக்கி, அடுத்த குவளைக்குள் விட்டாள். குபீரென்று சிவந்தது!

"ஐயோ, அது சாமியோட செருப்பு!" என்று அலறினான் சீடன்.

சாமியார் லேசுப்பட்டவரா? "உங்க பாவத்தையெல்லாம் என் செருப்பு சுமக்குது!"

கூட்டம் உருகிவிட்டது. ஒரு பெரியவர் செருப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குட்டி நொந்துபோய்ச் சித்தியைப் பார்த்தாள். சித்தி தன் பையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"சாமி, இது வர்ற வழியில வாங்குன சீப்பு. உறைகூடப் பிரிக்கல." உறையைப் பிரித்தாள். தொட்டியில் முக்கினாள். இன்னொரு குவளையில் விட்டாள். சிவப்பு!

"இதுக்கு என்ன பாவம்?"

"அது... போன ஜென்மத்துல..."

"சீப்புக்கா? எப்படித் தெரியும்?" என்றாள் சித்தி.

பின்வரிசையில் ஒருவன் கத்தினான்: "அடப்பாவி, ரெண்டு நாளாக் கழிப்பறையிலேயே குடித்தனம் பண்ணினேனேடா!"

சாமியார் ஓடினார். ஒற்றைச் செருப்போடு.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் வாங்கிய திட்டோடு மாத்திரையும் திரும்பி வந்தது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சித்தி முறைத்தாள். "இது மட்டும் வேலை செய்யும்னு உனக்கு எப்படிடி தெரியும்?"

குட்டிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. "அப்படிக் கேளுங்க! வாராவாரம் ரத்தத்தைச் சோதிச்சு நீங்களே பாருங்க, சித்தி."

உங்கள் பாவத்தை யாராவது கலர் காட்டி நிரூபித்தால், முதலில் ஒரு செருப்பை முக்கிப் பாருங்கள். செருப்பு கைவசம் இல்லையா? மூளை போதும். அதையும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம் என்றால், வெளியே வரும்போது செருப்பாவது திரும்பக் கிடைக்கும், மூளை கிடைக்காது.