ரோசனை மாமாவின் ரெடிமேட் வீடு

ஒரு முடிவை எடுக்காமலிருப்பதற்கு ரோசனை மாமா அளவுக்கு உழைத்த மனிதர் அரியலூர், பெரம்பலூர் இரு மாவட்டங்களிலும் இல்லை. உட்கார இடமுள்ள பஸ்ஸில் ஏறுவதா, முதலில் கிளம்பும் பஸ்ஸில் ஏறுவதா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருக்கும்போதே இரண்டும் போய்விடும். எதைக் கேட்டாலும் “ரோசிச்சு சொல்றேன்” என்பார். அதனால் எங்கள் தெருவுக்கே அவர் ரோசனை மாமா. இயற்பெயர் அவருடைய ரேஷன் அட்டைக்கு மட்டுமே தெரியும்.

இத்தகையவரிடம்தான் அவசரமான கேள்வி ஒன்று வந்து சேர்ந்தது. அரியலூரின் ஓரத்திலிருந்த எங்கள் தெருவுக்கு அப்பால் சுண்ணாம்புக்கல் சுரங்கம். மதியந்தோறும் அங்கே வெடி வைப்பார்கள். மாமாவின் பழைய வீடு ஒருமுறை உடம்பை உதறிக்கொள்ளும்.

“இன்னிக்கும் கொழம்புல செவுரு வுழுந்திருக்குங்க” என்பார் அத்தை. “மொத்த வூடும் என் தலைல வுழறதுக்குள்ள ஒரு வழி சொல்லுங்க.”

“ரோசிக்கிறேன்ல?”

“நல்லா ரோசிங்க. நான் மாட்டுக் கொட்டாயில படுத்துக்கிறேன்.”

சொன்னபடியே படுத்துக்கொண்டார்.

தொழிற்சாலையில் செய்து, லாரியில் கொண்டுவந்து பூட்டும் ரெடிமேட் வீட்டைப் பற்றி நான்தான் எடுத்துரைத்தேன். விரைவில் எழும், எடை குறைவு, அதிர்வைத் தாங்கும். ஆனால் வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. பின்னாளில் விற்பதும் கடினம். வெடி வைப்பவர்கள் ஓரடியும் நகராத ஊரில் வீடுகள்தாம் நகரக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்ற என் வருத்தத்தையும் சேர்த்துச் சொன்னேன். மாமாவின் பங்காளிக்கோ வேறு வருத்தம்: “ஊரே சிமெண்ட்டுல சோறு திங்குது. நீ போயி டப்பாக்குள்ள குடியிருக்கப் போறியா?”

பெரம்பலூர் நெடுஞ்சாலை ஓரத்தில் மாதிரி வீடு ஒன்றைப் பார்க்க மாமா, அத்தை, நான் மூவரும் சென்றோம்.

“வேணாம்னா சுலுவா கழட்டி வேற எடத்துக்குக் கொண்டு போயிடலாம் சார்” என்றார் விற்பனையாளர்.

“அப்ப திருடனும் கொண்டு போயிடலாம்?” என்றார் மாமா.

“வூட்ட யாரு சார் திருடுவா?”

“நீங்கதான தம்பி சுலுவுன்னீங்க?”

அத்தை அதற்குள் சமையல் மேடையைக் கையால் தடவி, அடுப்புக்கு இடம் பார்த்துவிட்டிருந்தார்.

கதவோடு கூடிய சுவராகவே வரும் என்றதும் மாமா எழுந்துவிட்டார். “வாசக்கால் வைக்காம என்ன வூடு?” நல்ல நாளில் மஞ்சள் பூசி, நவதானியம் இட்டு, வாசக்காலை நிறுத்திய பிறகே எங்கள் பக்கம் சுவர் எழும். ஆகவே கம்பெனியிடம் கதவில்லாத சுவரைக் கேட்டுவிட்டு, தச்சர் செய்த வாசக்காலைப் பழைய வீட்டுக்குப் பக்கத்திலிருந்த தன் வெற்று மனையில் நிறுத்தினார். விருந்தும் நடந்தது. வந்தவர்கள் முறையாக வாசக்காலுக்குள் நுழைந்து, மறுபுறம் வெட்டவெளியில் நின்று, “வூடு நல்லா காத்தோட்டமா இருக்குங்க” என்று வாழ்த்திச் சென்றனர்.

அடுத்து, மெல்லிய சுவரா, தடித்த சுவரா என்ற ஆராய்ச்சி தொடங்கியது. காலைதோறும் அத்தை, சுவரில்லாத அந்த வீட்டின் வாசலில் கோலமிட்டார். “செவுரு எப்பங்க வரும்?” என்று கேட்பார். மாமா யோசித்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் மாட்டுக் கொட்டகை ஒழுகியது. மார்கழியில் காய்ச்சலில் படுத்த அத்தை, பிறகு எழவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் மாமா கம்பெனிக்குப் போன் செய்தார். பக்கத்தில் நான் இருந்தேன்.

“மெல்லிசா, தடிமனா சார்?”

“ஏதாச்சும் அனுப்புங்க.”

அவர் யோசிக்காமல் பேசி நான் கேட்ட ஒரே வாக்கியம் அது.

சுவர்கள் லாரியில் வந்தன. நின்றிருந்த வாசக்காலைச் சுற்றியே பூட்டினார்கள். சில நாட்களில் வீடு எழுந்துவிட்டது. அவ்வளவு எளிது என்பதைத்தான் மாமாவால் தாங்க இயலவில்லை.

சித்திரையில் ஒரு மதியம் பார்க்கப் போனேன். தரையில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் வெடித்தது. சுவர் அசையவில்லை.

“மாப்ள, நீ படிச்சவன். இந்த வூட்டுல ஒரு கொற சொல்லு.”

“கொறையா? எதுக்கு மாமா?”

“ஒண்ணாச்சும் சொல்லுடா. நானும் தேடித் தேடிப் பாக்குறேன், ஒண்ணும் சிக்க மாட்டேங்குது.”

எனக்குத் தெரிந்த குறைகள் எல்லாம் பத்திரத்தையும் வங்கியையும் சார்ந்தவை. அவற்றால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

“உள்ள வெக்கை தாங்கல மாமா. அத்தைக்கு இந்த வூடு ஒத்து வந்திருக்காது.”

அவர் நிமிர்ந்தார். “நெசமாவா சொல்ற?”

“ஒரு நாள் இருந்திருக்க மாட்டாங்க. கொட்டாய்க்கே திரும்பிப் போயிருப்பாங்க.”

“அதான… அவளுக்கு வெக்கைன்னா ஆகாது” என்று நெடுநேரம் தலையாட்டினார். பிறகு எனக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனார்.

சித்திரை வெயிலில் நடந்து வந்திருந்த எனக்கு, அந்த வீட்டினுள் இதமாகத்தான் இருந்தது.