பனியனின் பண்புகள்

சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்தெருவில் குடியிருக்கும் பிரசன்னா, போகிக்கு முந்தின நாள் காலையில் ஒரு சபதம் செய்தான். உடலில் உயிர் இருக்கும்வரை அந்தப் பனியனைப் பிரிவதில்லை.

உயிருக்கு ஒன்றும் குறைவில்லை. பனியன்தான் இழுத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. நூலைவிட ஓட்டை அதிகம் என்பது மனைவி ஜெயஸ்ரீயின் கட்சி. அதற்குக் காற்றோட்டம் என்று பெயர் என்பது பிரசன்னாவின் கட்சி. சிறுசேரி ஆபீஸ் ஏசியில் விறைத்துப்போய்த் திரும்புகிறவனுக்கு, அதை மாட்டிக்கொண்ட பிறகுதான் தான் யார் என்பதே நினைவுக்கு வரும்.

"நாளைக்கு போகிங்க. அது வெளிய போகுது."

"எது?"

"கொடியில தொங்குதே, அதுதான். எதிர் வீட்டு ஃபாயிசா அக்கா கேக்கறாங்க, கோவளத்துலேர்ந்து மீன் வலை வாங்கிட்டு வந்தீங்களான்னு."

"நீ என்ன சொன்னே?"

"மீன் எதுவும் மாட்டலக்கா, நான்தான் மாட்டினேன்னு சொன்னேன்."

அதற்குள் மகள் பரணி வந்து நின்றாள். யு.கே.ஜி.

"அப்பா, பொருளோட குணமெல்லாம் சொல்லித் தரணும். எது சாஃப்ட்டு, எது வழியா வெளிச்சம் தெரியும், எது தண்ணி குடிக்கும்."

"நானே சொல்லித் தரலாம்தான்," என்றாள் ஜெயஸ்ரீ. "ஆனா சயின்ஸ்னா நீங்கதானே."

இப்படி ஒரு வாக்கியத்தைப் பிரசன்னா இந்த வீட்டில் கேட்டதே கிடையாது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தான். கூடவே ஒரு யோசனையும் உதித்தது. பெற்ற மகள் வாயாலேயே பனியனுக்கு நற்சான்று வாங்கிவிட்டால்?

"ஒரு பந்தயம். பனியன் உபயோகமான பொருள்னு பரணி சொல்லிட்டா, நீ அதை வெளிய போடக் கூடாது."

"சரி, போடல. சத்தியம்."

டைனிங் டேபிளில் போட்டியாளர்கள் வரிசையாக நின்றார்கள்: எவர்சில்வர் தட்டு, பிளாஸ்டிக் கவர், ஜெயஸ்ரீ ஆன்லைனில் வாங்கிய துடைக்கிற துணி, பனியன்.

மென்மையில் பனியனே முதல். பரணி கன்னத்தில் வைத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள். அடுத்து வெளிச்சம். தட்டு வழியாக ஒன்றும் தெரியவில்லை. கவர் வழியாக மங்கலாகத் தெரிந்தது. பனியனை ஜன்னலுக்கு நேரே பிடித்தாள்.

"அப்பா, ஃபாயிசா ஆன்ட்டி தெரியறாங்க. நம்மளப் பாத்து சிரிக்கறாங்க."

மூன்றாவது, தண்ணீர். பிரசன்னா ஒரு டம்ளர் தண்ணீரை மேஜையில் கவிழ்த்தான். தட்டு சும்மா இருந்தது. கவர் வழுக்கியது. ஆன்லைன் துணி தண்ணீரை அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு வாக்கிங் கூட்டிவந்தது. பனியன் ஒரே மூச்சில் குடித்துவிட்டது.

"பாத்தியா கண்ணு? துவைக்கத் துவைக்கப் பருத்தி நூல் இளகும். அப்பதான் நல்லா உறிஞ்சும். புதுத் துணிக்கு இது வராது."

ஜெயஸ்ரீ முதல் பெஞ்ச் மாணவிபோல் கேட்டாள். "எண்ணெய் சிந்தினா?"

"எண்ணெயும் உறிஞ்சும்."

"அடுப்பு மேடையில பால் பொங்கினா?"

"பாலாவது, சாம்பாராவது. எல்லாம் ஒண்ணுதான்."

"தேய்ச்சா கீறல் விழாது?"

"இவ்ளோ சாஃப்ட்டா இருக்கு, எப்படி விழும்? உன் ஸ்கூட்டி மேலயே தேய்க்கலாம்."

பரணி தீர்ப்பளித்தாள். "பனியன்தான் ஃபர்ஸ்ட்டு. ரொம்ப யூஸ்ஃபுல்."

பிரசன்னா வெற்றி வீரனாகக் குளிக்கப் போனான். தலை துவட்டிக்கொண்டு வந்து கொடியைப் பார்த்தான். காலி. மேஜையைப் பார்த்தான். காலி. அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்தான். மேடையில் கத்திரிக்கோல் கிடந்தது. பக்கத்தில் பனியனின் முதுகுப்பகுதி, பொங்கி வழிந்த பாலைக் குடித்துக்கொண்டிருந்தது.

"வெளிய போடமாட்டேன்னு சத்தியம் பண்ணினியே?"

"போடலையே. பாதி இங்க இருக்கு, பாதி ஸ்கூட்டி டிக்கியில பத்திரமா இருக்கு. இவ்ளோ உபயோகமான பொருளை யாராவது வெளிய போடுவாங்களா?"

பனியன் போனால் போகட்டும், பிள்ளைக்குப் பாடமாவது ஏறியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

"பரணி, லீவு முடிஞ்சு மிஸ் கேட்டா என்னம்மா சொல்லுவே?"

"மிஸ் எதுவும் கேக்கலப்பா," என்றாள் பரணி. "கேக்கச் சொன்னது அம்மா."