பூக்கட்டும், சொல்றேன்

செடி வளர்ப்பவர்கள் ஒரு ரகம். செடிக்குப் பெயர் சொல்பவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தோடு யார் வேண்டுமானாலும் குடித்தனம் நடத்தலாம். இரண்டாவது ரகத்தோடு என் அக்கா இருபத்தாறு வருடமாக நடத்துகிறாள். அதனால்தான் அந்த இனத்தைக் கிட்டத்தில் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அத்தான் கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். உண்மையில் ஓய்வு பெற்றது கல்லூரிதான் என்பார்கள் அவருடைய பழைய மாணவர்கள்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். பூங்காவில் எல்லாரும் கை வீசி நடந்துகொண்டிருக்கையில், எவர் ஒருவர் பாதை ஓரம் மண்டியிட்டு, கல்லிடுக்கில் முளைத்த புல்லைப் பூதக்கண்ணாடியால் விசாரித்துக்கொண்டிருக்கிறாரோ, எவர் அரை மணி நேர நடைக்குக் கிளம்பி முப்பது அடி நடந்து திரும்புகிறாரோ, அவர்தான். காய்கறிக் கடையில் உங்களுக்கு முன்னால் அவர் நின்றால், வேறு வரிசைக்கு மாறிவிடுங்கள்.

"உருளைக்கிழங்கு வேர் இல்லை, தெரியுமா? தண்டு. மண்ணுக்குள்ள இருக்கிற தண்டு."

"சரி சார். தண்டு எத்தனை கிலோ போடட்டும்?"

தாவரவியல் என்றால் செடி, கொடி, மரம், அவ்வளவுதானே என்கிறீர்களா? மாட்டிக்கொண்டீர்கள். குளியலறைச் சுவரில் பச்சையாகப் படிந்த பாசியும் தாவரவியல், அதனால் தேய்க்கக் கூடாது. ரொட்டியில் படர்ந்த பூஞ்சையும் தாவரவியல், அதனால் தூக்கிப் போடக் கூடாது. மேசைக் காலில் ஓடும் ரேகை உடற்கூறியல், இலையில் விழுந்த புள்ளி நோயியல், அக்காவுக்கு வரும் தும்மல் மகரந்தவியல், கல்லில் பதிந்த இலைத்தடம் தொல்தாவரவியல். காளான் தாவரமே இல்லை என்று அவரே சொல்வார். ஆனாலும் தாவரவியலில் அதைப் படிப்பார்களாம். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன். அன்று மதியச் சாப்பாடு நாலு மணிக்கு.

இவ்வளவு தெரிந்தவரிடம் ஒரு செடியை நீட்டி, "இது என்ன செடி?" என்று கேட்டுப் பாருங்கள். இலையைத் திருப்புவார், காம்பைக் கிள்ளுவார், முகர்வார், கடைசியில் சொல்வார்: "பூக்கட்டும், சொல்றேன்." பூ இல்லாமல் பெயர் சொல்வது அரைகுறைகளின் வேலையாம்.

பூத்த செடி அவர் கையில் கிடைத்தால் அதன் கதி என்ன? செய்தித்தாள் மடிப்பில் படுக்க வேண்டியதுதான். அந்த வீட்டில் செய்தித்தாளை யாரும் படித்ததில்லை. வந்த சூட்டோடு அதற்குள் ஏதாவது புல் படுத்துவிடும். மேலே அகராதி, அதற்கு மேலே சோபா மெத்தை. விருந்தினர் வந்தால், "இந்தப் பக்கம் உட்காருங்க, கொஞ்சம் அசையாம உட்காருங்க" என்று சோபாவின் ஒரு மூலையைக் காட்டுவார். என்ன உபசாரம் என்று வந்தவர் நெகிழ்ந்துபோவார். அவர் அங்கே வெறும் பாரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மருத்துவமனையில் தலைமை நர்ஸ். எதிர்வீட்டில் இருந்த தையல்காரம்மா அவளுடைய உயிர்த்தோழி. அந்த அம்மாள் ஊரை விட்டுப் போனபோது ஒரு விதையைக் கொடுத்து, "நான் போட்ட ஒண்ணு பூக்கவே இல்லை. உன் கைக்காவது பூக்குதா பார்ப்போம். என்ன நிறம்னு எனக்குச் சொல்லு" என்றாள். அக்கா அதைப் பால்கனித் தொட்டியில் ஊன்றி, மூன்று வருடம் தண்ணீர் ஊற்றினாள். இரவுப் பணி முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுமுன் தொட்டியைத்தான் பார்ப்பாள். அது சாண் உயரம் வளர்ந்து, அத்தோடு நின்றுகொண்டது.

பூத்தது எப்போது? அக்கா பயிற்சிக்காக வெளியூர் போயிருந்த சமயத்தில். அத்தான் போனில் கத்தினார்.

"பூத்துடுச்சு!"

"ஐயோ, நிஜமாவா? நிறம் சொல்லாதீங்க, நானே வந்து பார்த்துக்கறேன். இன்னும் பத்து நாள் ஆகுமே! உதிர்ந்துடாம பார்த்துக்கோங்க."

"ஒரு இதழ்கூட உதிராது. நான் பொறுப்பு."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

பத்தாம் நாள் ரயில் நிலையத்திலிருந்து அக்காவை நான்தான் அழைத்து வந்தேன். நேராகப் பால்கனிக்குப் போனாள். தொட்டியில் மண் இருந்தது. மண்ணுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருந்தது.

"எங்க?"

அத்தான் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு தாளை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். வேர், தண்டு, இலை, பூ, எல்லாம் ஒட்டியபடி, தேநீர்க் கறை நிறத்தில், தட்டையாக.

"வேரோட எடுத்தாதான் முழு மாதிரி. ஒரு இதழ் உதிரலை பாரு! பேரும் கண்டுபிடிச்சுட்டேன்!"

"என்ன பேரு அத்தான்?" என்றேன் நான். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"என்ன நிறத்துல இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அத்தான் தாளின் மூலையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் படித்தார். "அல்லி இதழ் அஞ்சு. மகரந்தத் தாள் பத்து. சூற்பை மேல்மட்டம்..."

"நிறம்?"

"நிறத்தை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதும்மா. மண்ணைப் பொறுத்து மாறும்."

"நம்ம மண்ணுல என்ன நிறம்?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஊதா மாதிரி... இல்லை, வெள்ளையோ..." என்று இழுத்தார். ஒரு விஷயம் தெரியாமல் அவர் முழித்ததை அன்றுதான் பார்த்தேன். பாவமாகக்கூட இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

அவள் தோழிக்குப் போன் போட்டாள். "பூத்துச்சுடி," என்றாள். அந்தப் பக்கம் ஏதோ ஆசையாகக் கேட்டிருக்க வேண்டும். அத்தான் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே, "மகரந்தத் தாள் பத்தாம்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

தோழி மறுபடி ஒரு விதை அனுப்பியிருக்கிறாள். தொட்டி இப்போது என் வீட்டு மாடியில் இருக்கிறது. அத்தானுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். ஆசைப்பட்டால் வந்து பாருங்கள், தடையில்லை. ஆனால், இவ்வளவையும் படித்துவிட்டு, "அதெல்லாம் சரி, அது என்ன செடி?" என்றுதான் உங்கள் வாயில் வருகிறதென்றால், தயவுசெய்து எங்கள் தெருப் பக்கம் வந்துவிடாதீர்கள்.