ஹெல்மெட் அறைக்குப் பதினொரு ஓட்டு

இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிற பிராணி, கை எண்ணும் மனிதர். தேர்தலில் நிற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களாவது எப்போதோ ஒரு முறைதான் வந்து கும்பிடுகிறார்கள். இவர் தினமும் வருவார். மின்விசிறியை மூன்றில் வைப்பதா நான்கில் வைப்பதா, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, காலை டீயைப் பத்தரைக்குக் குடிப்பதா பதினொன்றுக்குக் குடிப்பதா, எதுவானாலும் தொண்டையைச் செருமி, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, "நான் எதையும் திணிக்க மாட்டேன்ப்பா, ஜனநாயக முறைப்படி பார்த்துடலாம்" என்பார். அனுபவசாலிகள் இந்த வாக்கியத்தைக் கேட்டவுடன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இந்த இனத்தின் முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. கையைத் தூக்கச் சொல்வதற்கு முன்பே எத்தனை கை எழும்பும் என்பது அவருக்குத் தெரியும். தெரியாத வரைக்கும் கூட்டமே கூடாது.

நம் கையில் சிக்கியிருக்கும் உருப்படி, ஒரு நில வரைபட அலுவலகத்தின் மேலாளர். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அறுபத்திரண்டு படி. நீளமான ஒரே கூடம், சாய்வு மேஜைகள், சுருட்டி வைத்த வரைபடங்கள், அவற்றின் மேல் காலாகாலமாகப் படிந்த தூசி. ஊழியர்கள் அவருக்குப் 'பெரும்பான்மை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. மனிதர் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டார். இப்பேர்ப்பட்டவரை என்ன செய்வது, சொல்லுங்கள்?

ஜனநாயகம் என்றால் என்ன என்று அவரிடம் கேட்டால் தயங்காமல் பதில் வரும். எந்த இடத்தில் நின்று கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம். தனக்குக் கீழே இருப்பவர்களிடம், பெரும்பாலோர் சொன்னால் அதுதான் ஜனநாயகம். இயக்குநர் அறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தபடி, "ஜனநாயகம்னா கட்டுப்பாடு சார், மேலேர்ந்து வர்றதைக் கேட்டு நடக்கறது." டாக்டர் வீட்டு வரிசையில் கடைசி ஆளாக நின்றால், எல்லோரும் சமம், வந்த நேரமெல்லாம் பார்க்கக் கூடாது. முதல் ஆளாக நின்றால், வரிசைதான் ஜனநாயகத்தின் முதுகெலும்பு. ஒரு தடவை டீ நேர விஷயத்தில் பத்துப் பேர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகிவிட்டது. அன்றைக்கு மட்டும் ஜனநாயகம் என்பது மனசாட்சி என்று சொல்லிவிட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பதை நாம் பழமொழியாக வைத்திருக்கிறோம். இவர் அதை அரசியல் சாசனமாக வைத்திருந்தார்.

வீட்டிலும் ஓட்டு உண்டு. வீட்டில் மனைவி, இரண்டு பெண்கள், மனைவியின் அம்மா. ஒரு வருடம் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது, துணி துவைக்கும் இயந்திரமா, தனக்குப் புது மோட்டார் சைக்கிளா என்று கேள்வி எழுந்தது. மனிதர் ஏதோ ஒரு தைரியத்தில் ஓட்டுக்கு விட்டார். நான்கு கைகள் துவைக்கும் இயந்திரத்துக்கு. நான்கில் இரண்டில் சோப்பு நுரை. மாமியார் தூக்கிய கையைக் கீழே இறக்கவே இல்லை, எங்கே எண்ணாமல் விட்டுவிடுவாரோ என்று.

அவர் தொண்டையைச் செருமி, இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். பிறகு, குடும்பத்துக்கு நேரடி ஜனநாயகம் சரிப்படாது, பிரதிநிதித்துவ ஜனநாயகம்தான் சரி, இந்த வீட்டு மக்களின் பிரதிநிதி தான்தான், பிரதிநிதி என்பவன் மக்களின் நன்மைக்காகச் சில சமயம் மக்களுக்கு எதிராகவே முடிவெடுக்க வேண்டிவரும் என்று விளக்கினார்.

"உங்களை யாரு தேர்ந்தெடுத்தா?" என்றாள் மனைவி.

"உங்கப்பா."

மாமியார் பெருமூச்சு விட்டார். "அவருக்கு அப்பவே கண்ணு சரியாத் தெரியாதுடி."

மோட்டார் சைக்கிள் வந்தது. அதோடு ஒரு ஹெல்மெட்டும் இலவசமாக வந்தது, கறுப்பில் சிவப்புக் கோடு போட்டு, பளபளவென்று. அலுவலகத்தின் கீழே வண்டியில் மாட்டி வைத்த ஐந்தாம் நாள் அதை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம்முடைய கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. அதே மாதிரி இன்னொன்று வாங்கி, அதைக் கையோடு மாடிக்குக் கொண்டுவந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். வரைபட மேஜைகள் மேல் வரிசையாக ஹெல்மெட்டுகள். ஹெல்மெட்டுக்கு ஓர் இடம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

கூடத்தின் கோடியில் ஒரு சின்ன அறை இருந்தது. பெண்கள் கழிவறை. அந்த மாடியில் பதினொரு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒருவர் தட்டச்சர், ஓய்வு பெற மூன்று மாதமே பாக்கியுள்ள அம்மாள். இன்னொருத்தி வரைவாளர்; முப்பது வயது, ஒரு மயிரிழைக் கோட்டை ஒரே மூச்சில் இழுக்கும் கை, அலுவலகத்தின் கஷ்டமான வரைபடங்களெல்லாம் அவள் மேஜைக்குத்தான் போகும். கழிவறைக் குழாய் ஒரு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அவளும் மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது காகிதத்தைப் படித்தபோதுதான் பெரும்பான்மைக்கு மூளையில் விளக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம். விஷயம்: பழுதடைந்த அறையை ஊழியர் நலனுக்குப் பயன்படுத்துவது. பிளாஸ்டிக் தட்டில் பிஸ்கட் வைத்திருந்தது. பிஸ்கட் வைக்கிற கூட்டமென்றால் யாருக்கோ நஷ்டம் என்று அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும்.

வரைவாளர் எழுந்து நின்றாள். குழாயில் ஒரு வாஷர் மாற்றினால் போதும், குழாய்க்காரரிடம் கேட்டுவிட்டேன், அரை மணி நேர வேலை என்றாள். அறையை மூடிவிட்டால் நாங்கள் அறுபத்திரண்டு படி இறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்க் கட்டடத்துக் காவலாளியிடம் சாவி கேட்டு வாங்க வேண்டும், அவர் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்றாள். சொல்லும்போது அவள் முகம் சிவந்தது. இதையெல்லாம் பதினொரு ஆண்கள் முன்னால் நின்று விளக்கவேண்டியிருக்கிறதே என்ற அவமானம்.

அவர் முழுதாகக் கேட்டார். அதில் குறை சொல்ல முடியாது. கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"உங்க கருத்தை நான் மதிக்கிறேன்மா. அதைச் சொல்ல உங்களுக்கு வாய்ப்புக் குடுத்தோம் பாருங்க, அதான் ஜனநாயகம். சொல்லியாச்சுல்ல? உட்காருங்க."

கைகள் எழுந்தன. சிலர் கோப்பைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்கள். ஒருவர் பிஸ்கட் இருந்த கையையே தூக்கினார். வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கடைநிலை ஊழியர் வழக்கமாகப் பார்வையாளர்தான். சம்பள உயர்வு பற்றிப் பேசும் கூட்டங்களில் அவரை எண்ணும் பழக்கமே இல்லை. அன்றைக்கு மேலாளர் திரும்பி, "நீங்களும் இந்தக் குடும்பத்துல ஒருத்தர்தானே" என்று அன்பாகச் சொன்னார். அவரும் கையைத் தூக்கினார். அவருக்கு வண்டியே கிடையாது. பஸ்ஸில் வருகிறவர்.

"பதினொண்ணுக்கு ரெண்டு" என்று மேலாளர் அறிவித்தார்.

தட்டச்சம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்த ரூம் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் வேணும். அதை நீங்க பதினொரு பேரு எப்படி சார் முடிவு பண்ணுவீங்க?"

"அப்படிப் பார்த்தா ஹெல்மெட் உங்க ரெண்டு பேருக்கும் இல்லம்மா. இருந்தும் உங்களை ஓட்டுப் போட விட்டோமா இல்லையா?"

இதற்கு யாராவது பதில் சொல்ல முடியுமா? நான் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன், எனக்கு வரவில்லை. விரிவான விவாதத்துக்குப் பின் முடிவெடுக்கப்பட்டதாகக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை தச்சர் வந்து, பீங்கானின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடி, சுவரில் பதினொரு கொக்கி அடித்தார். முதல் கொக்கி மேலாளருக்கு. கடைசிக் கொக்கியில் கடைநிலை ஊழியர் தன் குடையை மாட்டினார்.

வரைவாளர் கணக்குத் தெரிந்த பெண். தண்ணீர் குடித்தால்தானே படி இறங்க வேண்டும்? குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் வீட்டிலிருந்து நிரப்பிக் கொண்டுவரும் நீல பாட்டில், மாலையில் அப்படியே நிரம்பித் திரும்பிப் போகும். அது தினமும் மேஜை ஓரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்தது. ஹெல்மெட் எடுக்கப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டித்தான் போனார்கள்.

இரண்டு மாதத்தில் குளிர் ஜுரம் வந்தது, இடுப்பில் வலி. சிறுநீரில் தொற்று, சிறுநீரகம் வரைக்கும் ஏறிவிட்டது, நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்காவிட்டால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் கொண்டுவந்து மேலாளர் மேஜையில் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நெஜமாத்தான் சொல்றேன். ஆனா ஒருத்தர் உடம்புக்காக எல்லாரோட தீர்ப்பையும் நானா மாத்தினா, அது சர்வாதிகாரமாயிடுமே."

"அப்ப மறுபடியும் ஓட்டு வைங்க சார்."

ஒரு தடவை முடிவானதை அடிக்கடி ஓட்டுக்கு விடுவது மக்கள் தீர்ப்பை அவமதிப்பது என்று அவர் மென்மையாக எடுத்துச் சொன்னார். அவள் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் சம்பளமில்லாத நீண்ட விடுப்பில் போனாள். அவள் வரைந்துகொண்டிருந்த வரைபடம் பாதிக் கோட்டில் நின்றது. அதை முடிக்க இன்றுவரை வேறு கை கிடைக்கவில்லை. மாதக் கடைசியில் தட்டச்சம்மாளும் ஓய்வு பெற்றார். அதன் பிறகு நடந்த கூட்டங்களில் ஓட்டு பதினொன்றுக்குப் பூஜ்யம். எதிர்ப்பே இல்லாத ஜனநாயகத்தை எட்டிவிட்டோம் என்று மேலாளர் ஆண்டறிக்கையில் எழுதினார். இயக்குநர் ஓரத்தில் 'நன்று' என்று குறித்து அனுப்பினார். வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இந்தச் சாதனையை அவர் ஒரு விவரம் விடாமல் விவரித்தார்.

சில மாதம் போயிற்று. மூத்த பெண் படிப்பை முடித்து, ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மகள் மேல் உயிர் அவருக்கு, அதை மறைப்பானேன்? காலையில் அவரே தண்ணீரைக் காய்ச்சி, ஆற்றி, புது பாட்டிலில் நிரப்பி அவள் பையில் வைத்தார். மாலையில் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் குளியலறைக்கு ஓடினாள். மறுநாளும் ஓடினாள். மூன்றாம் நாள் அவர் பையைத் திறந்து பார்த்தார். பாட்டில் காலையில் வைத்தபடியே நிரம்பியிருந்தது.

"ஏம்மா, தண்ணியே குடிக்கலையா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அங்க லேடீஸ் டாய்லெட்டை ஸ்டோர் ரூமா ஆக்கிட்டாங்கப்பா. நான் சேர்ந்த அன்னிக்குக் காலையிலேயே ஓட்டு வச்சுத்தான்."

பழக்கதோஷம் பாருங்கள். அவர் வாயில் முதலில் வந்த கேள்வி, "எத்தனைக்கு எத்தனை?"

"பதினாலுக்கு ஒண்ணு."

"அந்த ஒண்ணு யாரு?"

"நான்தான்."

பாட்டில் அவர் கையிலேயே இருந்தது. மனைவி சமையலறை வாசலில் நின்று அவரையே பார்த்தாள். அவருக்கு வந்ததே கோபம், அப்படி ஒரு கோபத்தை அந்த வீடு பார்த்ததில்லை. காட்டுமிராண்டிகள் என்றார். பேனாவை எடுத்து உட்கார்ந்து, அந்த நிறுவனத் தலைவருக்கு நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். ஜனநாயகம் என்பது தலைகளை எண்ணுவது அல்ல, ஓட்டுக்கு விடவே கூடாத விஷயங்கள் சில உண்டு, தனியாக நிற்கும் ஒருவருக்கு இடம் தராத சபை சபையே அல்ல என்றெல்லாம் எழுதினார். அந்தக் கடிதத்தை நான் படித்திருக்கிறேன். ஒரு எழுத்தைத் திருத்த வேண்டியதில்லை. அவ்வளவு சரியாக எழுதியிருந்தார்.

உறையை ஒட்டும்போது மனைவி கேட்டாள். "இதுல ஒரு காப்பி எடுத்து, உங்க ஆபீஸ்ல படம் வரையற பொண்ணு ஒண்ணு இருந்துச்சே, அதுக்கும் அனுப்புங்களேன்."

"அது வேற, இது வேற" என்றார்.

மறுநாள் காலை கடிதத்தைத் தபாலில் போட்டார். அறுபத்திரண்டு படி ஏறினார். கோடி அறையைத் திறந்து, கறுப்பில் சிவப்புக் கோடு போட்ட ஹெல்மெட்டை முதல் கொக்கியில் மாட்டினார். பிறகு மேஜைக்கு வந்து, தாகமாக இருக்கிறது என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குடித்தார்.

அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்களா? சிரியுங்கள். இந்த மாதிரி ஆட்களை எங்கள் ஆபீஸிலும் பார்த்திருக்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். பதினொரு கையில் ஒன்றுதான் அவருடையது. மீதிப் பத்துப் பேர் யார் என்று மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள். கோப்பைப் பார்த்தபடி ஒரு கை, பிஸ்கட்டோடு ஒரு கை, வண்டியே இல்லாமல் ஒரு கை. அதில் ஒன்று எங்கேயோ பார்த்த கை மாதிரி இருக்கிறதே என்று எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் இல்லை என்கிறீர்களா? சரி, எதற்குச் சண்டை. ஓட்டுக்கு விட்டுப் பார்த்துவிடலாம்.