கம்பியூட்டர் கட்டிவைத்த சோடிகள்

ஒரு விசயத்தை அரைகுறையாகத் தெரிந்தவன் அடக்கமாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நானும் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியா நகரில் கம்பியூட்டர் வகுப்பொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாம் மாதம் அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமானது. அழைப்பிதழ் உறைகளுக்குக் கம்பியூட்டரே பெயர் எழுதும் என்று வீட்டில் அறிவித்தேன். (கையால் எழுதினால் ஒரு பின்னேர வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே!)

எங்கள் பக்கத்தில் ‘திரு, திருமதி’ போட்டுக் கணவன் பெயரோடு முடித்துவிடுவார்கள். மனைவியின் பெயரும் வரவேண்டும் என்பது நான் செய்த புரட்சி. அப்பா ஆண்களின் பெயர்களை ஒரு பட்டியலாகவும் ஊர்களை இன்னொன்றாகவும் எழுதித் தந்தார். அதே ஒழுங்கில் மனைவிமாரின் பட்டியலை அம்மா எழுதினார். மூன்றிலும் முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு சேர்த்து அச்சடிப்பதுதான் என் புரோகிராம்.

பதினோராவது ஆள் ராசன் மாமா. கலியாணம் கட்டாதவர். அந்த இடத்தில் அம்மா ஒரு கோடு போட்டிருந்தார். கோடெல்லாம் ஒரு பெயரா என்று விட்டுவிட்டேன். அதற்குக் கீழே இருந்த மனைவிமார் எல்லாரும் ஒவ்வொரு படி மேலே ஏறிவிட்டார்கள். கடைசியில் ஒரு பெயர் குறைகிறது என்று கம்பியூட்டர் முறையிடத்தான் செய்தது. ‘அன்ட் ஃபமிலி’ என்று ஒன்றைப் போட்டு அதன் வாயை அடைத்தேன். எழுத்து ஆங்கிலத்தில் விழுந்ததால் வீட்டில் ஒருவரும் வாசிக்காமலே மெச்சினார்கள். சைக்கிளில் கொண்டுபோய் நானே எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன்.

மறுநாள் காலை, பட்டியலில் பன்னிரண்டாவது ஆளான தபாலதிபர் உறையோடு அம்மாவிடம் வந்தார்.

“தங்கச்சி, உங்கட கணக்கில நான் கடைக்காரற்ர மனுசியோட இருக்கிறன். அப்ப என்ர மனுசி ஆரோட?”

அம்மா பட்டியலைத் தேடி உள்ளே ஓடினார். (ராசன் மாமாவோடு என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.) கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். மத்தியானத்துக்குள் அரைவாசி வீடுகள் அதையே சொல்லியனுப்பின. அக்கா என்னை ஏசவில்லை.

“தம்பி, வெறும் கதிரையளைப் பாத்துக்கொண்டோ நான் மணவறையில இருக்கிறது?” என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதாள். அன்றுபோல் நான் வெட்கப்பட்டதில்லை.

அப்பா என்னை வீடு வீடாகக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். தபாலதிபர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய மனைவிதான் பேசினார்.

“முப்பது வருசத்தில என்ர பேர் போட்டு வந்த முதல் கலியாணக் காட் இதுதான். அதுவும் வேற ஆளோட. நான் வருவன், தம்பி.”

முகூர்த்தத்துக்கு முன் வாசலில் நின்று வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் வந்தார்கள். வழமையாக ஆண்கள் முன்னால் போக, பெண்கள் தனியாகப் பின்னால் வருவார்கள். அன்றைக்கு ஒவ்வொரு கணவனும் தன் மனைவியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஊருக்குக் காட்டியபடி வந்தான். தபாலதிபர் என் முன்னால் நின்று, “வடிவாப் பார், இதுதான் என்ர மனுசி” என்றார். கடைசியாக ராசன் மாமா தனியே வந்தார், சட்டைப்பையில் உறையோடு.

“தம்பி, எனக்கெண்டு நீ எழுதின ஆள் எங்க?”

பந்தலே சிரித்தது. மணவறையில் அக்காவும் சிரித்தாள்.

எங்கள் வீட்டுக்கு எந்தச் சோடி வந்தாலும், இது யார் சேர்த்துவைத்தது என்று அக்கா இன்றும் என்னைத்தான் கேட்பாள். என் கலியாண உறைகளை அம்மா கம்பியூட்டர் பக்கமே போகவிடாமல் கையால் எழுதினார். எல்லா உறையிலும் கணவன் பெயர், மனைவி பெயர். ராசன் மாமாவின் உறையில் மட்டும் பெயருக்குப் பக்கத்தில் நீளமாக ஒரு கோடு.